நாலு கைச் சாம்பார்

மாதத்தின் முதல் வாரம் வந்தால் ஜானகிராமனுக்குத் தொழில் சூடு பிடித்துவிடும். ஆவடி ஸ்டேஷன் புத்தகக் கடையில் புதுப் பாக்கெட் நாவல்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிற வாரம் அது. நாவலைப் படித்த கையோடு ஜனங்கள் தங்கள் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் கொல்லையில் ஆள் புதைக்கக் குழி தோண்டுகிறார் என்று போன மாதம் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் வாழைக்கன்று. அம்பத்தூர் ஓ.டி.யில் சைக்கிள் கடைக்கு மேலே 'ஜானகிராமன் துப்பறியும் நிலையம்' என்ற பலகை இத்தனை வருஷம் தொங்குவதற்குக் குற்றவாளிகள் காரணமே இல்லை. எல்லாம் வாசகர்களின் தயவு.

அன்று காலை வந்தவர் பெயர் கோதண்டம். ஆவடி சேக்காட்டில் சொந்த வீடு. ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். லேட்டாக வருகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் காலமெல்லாம் கேட்டு, ஒன்றைக்கூட நம்பாமல் வாழ்ந்தவர்.

"சார், என்னக் கொல்லப் பாக்கறாங்க" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பேபி நிமிர்ந்தாள். "எத்தினியாவது அத்தியாயத்துல பெரியவரே?"

பேபி ஜானகிராமனின் உதவியாளர். வெள்ளானூர்க்காரி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள், சூப்பர்வைசரிடம் வாய் கொடுத்து வெளியே வந்து, அதே வாயை மூலதனமாக வைத்து இங்கே சேர்ந்தாள். முதலாளியை 'அண்ணாத்தே' என்றும் 'நீ' என்றும்தான் கூப்பிடுவாள். கட்சிக்காரர்கள் முன்னாலாவது 'சார்' போடச் சொல்லிப் பார்த்து அவர் அலுத்துப் போயிருந்தார்.

"பேபி, சும்மா இரு. நீங்க சொல்லுங்க. யார் கொல்லப் பாக்கறது?"

"மருமவ. கஸ்தூரின்னு பேரு. சாப்பாட்டுல கலக்கறா."

"எப்படித் தெரியும்?"

கோதண்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ருசி சார், ருசி! ஒரு நாள் சாம்பார்ல புளி தூக்கல். மறுநாள் தேங்கா அரைச்சு ஊத்திக்கீது. அதுக்கு அடுத்த நாள் காரம் காதுல பொகயுது. ஒரே கை சமைச்சா ஒரே ருசிதானே வரணும்? தெனம் ஒண்ணு கலக்கறா. அது தெரியாம இருக்கத்தான் ருசிய மாத்திக்கினே இருக்கா. ரெண்டு மூணு நாளா டீக்கடை பன்னு துன்னு உசுரோட கீறேன்."

"வேற?"

"மத்தியானம் நான் தூங்கினதும் பின்கதவால எங்கியோ போறா. ஒரு நாள் பின்னாடி சந்துல நின்னு பக்கத்து ஊட்டுப் பூங்காவனத்துகிட்ட பேசினத என் காதால கேட்டேன். 'கொழம்புலதான் விஷம் வெப்பாங்க, பெரியவரு ரசம் தொடவே மாட்டாரு'ன்னா. சார், நான் ரசம் தொடறதில்ல!"

ஜானகிராமன் இதைக் கேட்டதும் மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பாக்கெட் நாவலை மெதுவாக இழுப்பறைக்குள் தள்ளினார். "இதே மாதிரி வேற எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அதான் சார் ஆச்சரியம்! இந்த மாச நாவல் 'விஷத்துக்கு வேளை வந்தது' படிச்சுக்கினு கீறேன். அதுல வர்ற பண்ணையாரும் ரசம் தொட மாட்டாரு. அவருக்கும் கொழம்புலதான் வெக்கறாங்க. அந்தக் கதாசிரியரு என் ஊட்டு ஜன்னல் வழியாப் பாத்து எழுதறாரோன்னு தோணுது!"

"கஸ்தூரி பேசினதை முதல்ல கேட்டீங்களா, கதையை முதல்ல படிச்சீங்களா?"

"பேச்சத்தான் மொதல்ல கேட்டேன். கதையில அப்பால தான் வந்துது. நான் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயத்துக்கு மேல படிக்கறதில்ல சார்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உயிர் பயம் போய் ஒரு சந்தோஷம் வந்தது. காலையில் காப்பி குடித்துவிட்டு ஓர் அத்தியாயம். அதோடு சரி. அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லிக் கை அரிக்கும், புரட்ட மாட்டார். நாவலைப் பூஜை மாடத்தில் முருகர் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாள் முழுக்கக் கதையில் வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகப்படுவார். அந்தச் சுகத்துக்கு ஈடாக எதுவும் இல்லை என்றார். கதையில் ஆள் தீர்ந்து போனதும் வீட்டில் இருப்பவர்களை ஆரம்பித்திருக்கிறார் என்பது ஜானகிராமனுக்குப் புரிந்தது.

"மருமகளுக்கும் இந்தக் கதையெல்லாம் பிடிக்குமா?"

"வந்த புதுசுல எடுத்துப் பாத்தா. குடும்பப் பொண்ணுக்குக் கொலக்கதை எதுக்கு, புத்தி கெட்டுடும்னு தடுத்துட்டேன். அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? என் மவன் உத்தமன் இன்னிக்கு ஷிப்டு முடிஞ்சு வந்ததும் இவளக் காட்டுப்பாக்கத்துல அவங்கம்மா ஊட்ல விட்டுடணும்னு சொல்லிட்டேன். பெட்டி கட்டிட்டா."

"என்ன காரணம் சொன்னீங்க?"

"சொல்லல. அவகிட்ட சொன்னா உஷாராயிடுவா. கதையில எல்லாரும் பண்ற தப்பே அதான். ஆனா மவன் ஆதாரம் கேக்கறான். சாயங்காலத்துக்குள்ள அத்தக் குடுங்க."

பேபி கடலைத் தோலை ஊதினாள். "ஒரு பொண்ணு பொழப்பு சாயங்காலம் வரிக்கும்தான். கெளம்பு அண்ணாத்தே."

சேக்காட்டு வீட்டில் அவர்களை, பழைய ஆபீஸ் சிநேகிதர், அவர் தங்கச்சி என்று கோதண்டம் அறிமுகப்படுத்தினார். கஸ்தூரி வணக்கம் சொன்னாள். சின்னப் பெண். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. வாசல் ஓரத்தில் ஒரு தகரப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது.

"கண்ணப் பாத்தீங்களா சார்? கொலவெறி" என்று கோதண்டம் காதைக் கடித்தார்.

"அழுதா கூட அப்டித்தான் செவக்கும்" என்றாள் பேபி.

இலை போட்டார்கள். கோதண்டம் வயிறு சரியில்லை என்று ஒரு வாழைப்பழத்தோடு ஒதுங்கிக்கொண்டார். சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல். ஜானகிராமனின் கை இலைக்கு மேலேயே நின்றது. தைரியம் இருந்தது, பசியும் இருந்தது. இரண்டும் ஒன்று சேர மறுத்தன.

"நான் மொதல்ல துண்றேன். வுயுந்துட்டா நீ துண்ணாத" என்று பேபி மூன்று கவளம் இறக்கினாள். நான்காவதில் நிறுத்தினாள். ஜானகிராமனுக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே மொறைக்கிற? செத்துல்லாம் போவல. இந்த சாம்பார் வெங்காயத்தப் பாரு, சன்னமா அரிஞ்சிக்கீது. கூட்டுல கீற வெங்காயம் கட்டை கட்டையாக் கீது. ஒரு பொம்பள கை ரெண்டு தினுசா அரியாது."

கஸ்தூரி மோர் எடுக்க உள்ளே போனாள். பேபி சட்டென்று சாம்பார்க் கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூட்டுப் பாத்திரத்தைத் தூக்கி அதன் விளிம்பைப் பார்த்தாள். பொரியல் தட்டையும் விடவில்லை.

"பெரியவரே, உங்க சம்சாரம் பேரு இன்னா?"

"பொன்னம்மாள். போய்ச் சேந்துட்டா."

"இந்தக் கரண்டியில வேம்புலியம்மாள்னு வெட்டிக்கீது. கூட்டுப் பாத்திரத்துல பூங்காவனம். பொரியல் தட்டு நாகவல்லி ஊட்டுது. உங்க ஊட்டுப் பாத்திரம் ஒண்ணு கூட இல்ல. இதெல்லாம் தெருவுல யாரு?"

எவர்சில்வர் கடையில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வாங்குகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. சந்தேகப்பட வேண்டிய பெயர்கள் தினமும் கோதண்டத்தின் மூக்குக்குக் கீழே மின்னிக்கொண்டுதான் இருந்தன. வாசகர் அவர், அச்சடித்த எழுத்தை மட்டுமே வாசித்துப் பழகியிருந்தார்.

"எல்லாம் பக்கத்து ஊடு, பின்னாடி ஊடு..." கோதண்டத்தின் வாழைப்பழம் கையிலேயே நசுங்கியது. "அப்ப நாலு பேரு! கூட்டுச் சதி!"

"தூங்கப் போங்க" என்றார் ஜானகிராமன். "நல்லாக் குறட்டை விடுங்க. அதுக்கு முன்னாடி அந்த நாவலைக் காட்டுங்க."

முருகர் படத்துக்குப் பின்னால் இருந்து பழுப்பு அட்டை போட்ட புத்தகம் வந்தது. கோதண்டம் அடையாளத்துக்குச் சொருகிய பஸ் டிக்கெட் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகும் ஜானகிராமன் தாள்களைத் தள்ளினார். கடைசிப் பக்கங்களுக்கு மிக அருகில், வாடாத ஒரு முருங்கை இலை அகப்பட்டது.

"உங்க வீட்ல முருங்கை மரம் இருக்கா?"

"இல்லியே. பூங்காவனம் ஊட்லதான் கீது."

ஜானகிராமனுக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. உடனே சொல்லிவிட்டால் துப்பறிகிறவருக்கு என்ன மரியாதை? மீசையை மட்டும் தடவிக்கொண்டார். விருந்தாளிகள் இருவரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பி, தெருக்கோடி வரை போய், சந்து வழியாகத் திரும்பி வந்து பதுங்கினார்கள்.

கோதண்டத்தின் குறட்டை சந்து வரை கேட்டது. டைம் ஆபீசில் இருந்தவருக்கு நடிப்பு வரவில்லை. லாரி மேடு ஏறுவது போல ஒரே சீராக விட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பின்கதவு திறந்தது. கஸ்தூரி ஒரு முறத்தோடு வெளியே வந்தாள். முறத்தின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சந்தைத் தாண்டி அடுத்த கொல்லைக்குள் நுழைந்தாள்.

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "பாத்தீங்களா! துண்டுக்கு அடியில மருந்து! உள்ள எவனோ காத்துக்கினு கீறான்!"

"விஷமா, காதலனா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. ரெண்டுத்தையும் ஒரே அத்தியாயத்துல அடைக்காதீங்க" என்றாள் பேபி.

மூன்று பேரும் கொல்லைச் சுவர் ஓரம் குந்தினார்கள். சுவரில் செங்கல் பெயர்ந்த இடத்தில் ஓட்டை. கோதண்டம் முதலில் கண்ணை வைத்தார்.

முருங்கை மர நிழலில் தண்ணீர்க் குடத்தோடு பூங்காவனம் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். வேம்புலியம்மாள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நாகவல்லி மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு மணைப் பலகை காலியாக இருந்தது. கஸ்தூரி அதில் உட்கார்ந்து துண்டை விலக்கி, பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தாள்.

"உங்கூட்டு இட்லி மாவு ஆயிடுச்சு, சாம்பாருக்குப் பருப்பு நாகவல்லி போட்டுடுவா. ஒனக்கு ஒரு வேலயும் இல்ல. படி கண்ணு" என்றாள் பூங்காவனம். "ஒன்ன அனுப்பறாங்களாம். போறதுக்கு முன்னாடி கொன்னவன் யாருன்னு சொல்லிட்டுப் போ. இல்லன்னா எங்க நெஞ்சு வேவாது."

அந்தக் கூட்டத்தில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் கஸ்தூரி ஒருத்திதான். அவள் வாசிக்க, மற்றவர்கள் அவள் வீட்டு வேலையைப் பங்கு போட்டுச் செய்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர் கைப்பக்குவத்தில் குழம்பு வைத்து, அவரவர் பாத்திரத்திலேயே கொல்லை வழியாகக் கொடுத்தார்கள். கோதண்டத்தின் சாம்பாரில் கலந்த மர்மப் பொருள் அக்கம்பக்கம்தான்.

கஸ்தூரி வாசிக்க ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கட்டைக் குரல், பண்ணையார் மனைவிக்கு மூக்கால் பேச்சு, வேலைக்காரனுக்குத் திக்கல். அழுது வீங்கிய முகத்தில் ஒவ்வொரு ஆளாக வந்து போனார்கள். இன்ஸ்பெக்டர் இருட்டு அறைக்குள் காலடி வைத்ததும் ஆட்டுக்கல் நின்றது. நாகவல்லியின் கத்தி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் கோதண்டத்தின் வாய் திறந்துகொண்டது. காதலனைத் தேடி வந்தது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"'தப்பிக்க முடியாது' என்றார் இன்ஸ்பெக்டர். சுவரைத் தடவி விளக்கைப் போட்டார். பண்ணையாரைக் கொன்ற அந்த உருவம் மெல்லத் திரும்பியது. எல்லோரும் திகைத்துப் போனார்கள். அங்கே நின்றது..."

"நிறுத்து!"

இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில் கத்தின. ஒன்று கோதண்டத்தினுடையது. சுவருக்கு மேல் எழுந்த அவர் முகத்தில் உயிர் போகிற கலவரம் இருந்தது. "படிக்காத! நான் இன்னும் பாதியிலதான் கீறேன்!"

மற்றொரு குரல் யாருடையது என்று பேபி திரும்பிப் பார்த்தாள். ஜானகிராமன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"நீயுமா அண்ணாத்தே? கொன்னவன் யாருன்னு ஒனக்கே தெரியாதா? நீ துப்பறியறவன்டா சாமி!"

"அது தொழில். இது படிக்கறது" என்றார் ஜானகிராமன் கொஞ்சம் வெட்கத்தோடு.

பூங்காவனம் எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "இன்னா பெரியவரே, பொம்பளைங்க கூடற எடத்துல செவுரு ஏறிப் பாக்கறீங்க? ஆள் வேற கூட்டியாந்துக்கீறீங்க!"

ஜானகிராமன் கதவு வழியாக உள்ளே வந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ருசி மாறியது, சந்துப் பேச்சு, விஷம், பன்னு, ஆதாரம். சொல்லச் சொல்லப் பெண்களின் முகம் மாறியது. விஷம் என்று கேட்டதும் வேம்புலியம்மாள் மாவுக் கையை உதறிவிட்டு எழுந்தாள். "தேங்கா அரைச்சு ஊத்தினது வெஷமா? எங்கூட்டுக்காரரு அத்தத் துண்ணுட்டுக் கல்லாட்டம் கீறாரு!"

கஸ்தூரி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள்.

"வெஷமா மாமா?" என்றாள். "இதுக்கா என்ன அனுப்பறீங்க? கல்யாணமாயி இத்தினி நாளாயும் கொழந்த இல்லன்னுதான் அனுப்பறீங்கன்னு நெனச்சேன். நேத்துலேருந்து அதுக்குத்தான் அழுதுகினு கீறேன்."

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

"படிக்காதன்னீங்க. ஒளிச்சு வெச்சுப் படிச்சேன், தப்புதான். ஆனா மாமா, இந்தக் கதையில நாலு பேரக் கொன்னவன் கிட்ட கூட இன்ஸ்பெக்டரு 'நீ இன்னா சொல்ற'ன்னு ஒரு வார்த்த கேக்கறாரு. என்ன நீங்க ஒரு வார்த்த கேக்கலியே?"

பேபிக்கே வாயில் எதுவும் வரவில்லை என்பதை ஜானகிராமன் கவனித்தார்; அவர் பார்த்து அது முதல் தடவை. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "கொலக்கதை படிச்சா புத்தி கெட்டுடும்னீங்களாமே பெரியவரே. சரியாத்தான் சொல்லிக்கீறீங்க. ஆளுதான் மாறிப்போச்சு."

கோதண்டம் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். எத்தனையோ காரணங்களைக் கேட்டு நம்ப மறுத்தவர், இப்போது தன் தரப்பில் சொல்ல ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, மடியில் மூடிக் கிடந்த அந்தப் புத்தகத்திலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அந்த இன்ஸ்பெக்டரு..." என்றார் கடைசியில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "கட்டக் குரலுதான். நானும் அப்டித்தான் நெனச்சிருந்தேன்."

கஸ்தூரி புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் பாத்தது தப்பும்மா. பெரிய தப்பு." அவர் புத்தகத்தைக் காட்டினார். "டிக்கெட் வெச்ச எடத்துலேருந்து படிக்கறியா?"

"மறுபடியுமா?" என்று மூன்று பெண்களும் ஒன்றாக அலறினார்கள். "நாங்க கடசிப் பக்கத்துல கீறோம்! நடுவுலேருந்து படிச்சா முடிய எத்தினி நாளாவும்? இவ இன்னிக்கு ஊருக்குப் போறா!"

"யாரு போறது?" என்றார் கோதண்டம். "யாரும் எங்கியும் போவல."

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புத்தகத்தைத் திறந்து பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தைத் தேடினாள். பிறகு நிமிர்ந்து, "மாமா, இன்னொரு வாட்டி எம்மேல ஏதாச்சும் சந்தேகம்னா என்னக் கேளுங்க. கேக்கலன்னா, நீங்க படிக்க ஆரம்பிக்கற அன்னிக்கே கொன்னவன் பேரச் சொல்லிடுவேன்" என்றாள்.

கோதண்டம் நடுங்கிப் போய்த் தலையாட்டினார். விஷம் வைப்பதாகச் சந்தேகப்பட்டபோது கூட அவர் இவ்வளவு பயப்படவில்லை.

"சும்மா ஒக்காந்து கேக்கற பயக்கம் இங்க இல்ல" என்று பூங்காவனம் ஒரு கட்டு முருங்கைக் கீரையை அவர் மடியில் போட்டாள். "ஆயுங்க."

ஜானகிராமன் ஒரு ஓரமாக இடம் பார்த்தார். அவரும் ஏறக்குறைய அதே பக்கத்தில்தான் இருந்தார். பேபி அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வா அண்ணாத்தே, கேசு முடிஞ்சிடுச்சு. ஒன் புக்கு டிராயர்ல கீது. நான் கடசிப் பக்கத்தக் காலையிலியே பாத்துட்டேன். பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்குக் குடுத்தா வாயத் தொறக்க மாட்டேன்."

சாயங்காலம் உத்தமன் ஷிப்டு முடிந்து, என்ன சொல்லி மனைவியை அழைத்துப் போவது என்று வழியெல்லாம் யோசித்துக் களைத்துப் போய் வீட்டுக்கு வந்தான். வாசலில் தகரப் பெட்டியைக் காணவில்லை.

"பெட்டி எங்க?"

"பரண் மேல" என்றார் கோதண்டம். "கை கால் கழுவிக்கினு வா, சாப்டலாம்."

அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். கஸ்தூரி பரிமாறினாள். அப்பா மூன்று நாளைக்குப் பிறகு வீட்டுச் சோற்றில் கை வைப்பதை உத்தமன் நம்ப முடியாமல் பார்த்தான். கீரைப் பொரியலை எடுத்து வாயில் போட்டவன் முகத்தைச் சுளித்தான். ஒரு குச்சியை எடுத்து இலை ஓரத்தில் வைத்தான். பிறகு இன்னொன்று.

"இன்னாது, கீரையா வெறகா? யாரு இத்த ஆஞ்சது?"

கஸ்தூரி மாமனாரைப் பார்த்தாள். கோதண்டம் இலையைப் பார்த்தார். பல்லில் சிக்கிய காம்பைச் சத்தமில்லாமல் எடுத்து விரலுக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"சொல்லட்டுமா மாமா?" என்றாள் கஸ்தூரி.

"வேணாம்மா" என்றார் கோதண்டம்.